முதல் நாளே வாங்கியவர்கள்

என் நண்பன் ஒருவனிடம் கறுப்பு நிற நிண்டெண்டோ 3டிஎஸ் ஒன்று இருக்கிறது. நிண்டெண்டோ என்ற ஜப்பானிய நிறுவனத்தின் இரண்டு திரை கொண்ட கையடக்கக் கேம் கன்சோல் அது. மூடியின் ஓரத்தில் பளபளப்பு போய்விட்டது, கீல் கொஞ்சம் ஆடும், ஆனால் இன்னும் ஓடுகிறது. திறந்தால் கீழ்த்திரையில் கேம்களின் சின்னங்கள் சதுரம் சதுரமாக வரிசைகட்டி நிற்கும். அதில் பத்துச் சதுரங்கள் என்னுடைய 3டிஎஸ்ஸில் கிடையாது. மெட்ராய்டு ஃப்யூஷன், வாரியோ லேண்ட் 4, செல்டா வரிசையின் மினிஷ் கேப், ஃபயர் எம்பளம் வரிசையின் சேக்ரட் ஸ்டோன்ஸ் என்று எல்லாம் நிண்டெண்டோவின் பழைய கையடக்கக் கன்சோலான கேம் பாய் அட்வான்ஸ் காலத்துக் கேம்கள். காசு கொடுத்தாவது வாங்கிவிடலாம் என்று நிண்டெண்டோவின் இணையக் கடையில் நான் தேடாத மூலை இல்லை. கிடைக்கவில்லை. 3டிஎஸ்ஸில் அந்தப் பத்தையும் நிண்டெண்டோ கடைசிவரை விற்பனைக்கு வைக்கவே இல்லை. 2011 ஆகஸ்ட் 11 இரவுக்குள் அந்தக் கன்சோலை வாங்கி, ஒரு தடவையாவது இணையக் கடைக்குள் போய் வந்தவர்களுக்கு மட்டும் கொடுத்தது. இலவசமாகக் கொடுத்தது.

அவன் அதற்கு முன்பே வாங்கியிருந்தான். நான் விலை குறைந்த பிறகு வாங்கியவன்.

கன்சோல்களின் போட்டி என்று பேச்செடுத்தாலே எத்தனை கோடி விற்றது, யாருடைய சிப் வேகம், யார் ஜெயித்தார்கள் என்று போய்விடும். எனக்கு அந்தப் பத்துச் சதுரங்கள்தான் ஞாபகம் வரும். அறிமுகம் சொதப்பிவிட்டது, எதிராளி வாசலில் வந்து நிற்கிறான். அந்த நேரத்தில் தன்னை முதலில் நம்பி வாங்கியவர்களை ஒரு நிறுவனம் எப்படி நடத்தியது? நான் முதலில் பார்ப்பது அதைத்தான். விற்பனைக் கணக்கெல்லாம் அப்புறம்.

3டிஎஸ் ஜப்பானில் 2011 பிப்ரவரி 26 அன்று 25,000 யென் விலையில் வந்தது. அமெரிக்காவில் மார்ச் 27, விலை 249.99 டாலர். அதற்கு முந்தைய டிஎஸ் மொத்தத்தில் 15 கோடிக்கும் மேல் விற்ற கன்சோல். அந்தப் பெயருக்கே கூட்டம் வந்துவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். வரவில்லை. ஏப்ரல் முதல் ஜூன் வரையான மூன்று மாதத்தில் உலகம் முழுக்கச் சேர்த்தே 7 லட்சத்துச் சொச்சம்தான் விற்றது.

இத்தனைக்கும் அது மட்டமான கருவி இல்லை. கண்ணாடி போடாமலே முப்பரிமாணத்தில் தெரியும் திரை. மேல்திரையில் பக்கவாட்டில் 800 புள்ளிகள். அதில் ஒன்றுவிட்டு ஒன்றாக 400 இடது கண்ணுக்கு, 400 வலது கண்ணுக்கு. மெல்லிய செங்குத்துக் கீற்றுகள் கொண்ட ஒரு தடுப்பு, எந்தப் புள்ளி வரிசை எந்தக் கண்ணுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று பிரித்துவிடும். திரைக்கு வலப்பக்கம் மேலும் கீழும் நகர்கிற ஒரு சின்ன விசை இருக்கும். பைலட்விங்ஸ் ரிசார்ட் என்ற கேமில் விமானம் தீவுக்கு மேலே போய்க்கொண்டிருக்கும்போது அந்த விசையை மெதுவாக மேலே தள்ளிப் பாருங்கள். தட்டையாக இருந்த படம் உள்பக்கமாக இறங்கும். கடல் கீழே போய்விடும், தீவு அதன்மேல் எழுந்து நிற்கும், விமானம் தனியே பிரிந்து முன்னால் மிதக்கும். நண்பனின் கையில் முதல்முதலாக அதைப் பார்த்தபோது திரைக்குள் விரலை விட்டுப் பார்க்கலாம் போலிருந்தது எனக்கு. தலையைக் கொஞ்சம் சாய்த்தால் போதும், படம் இரண்டாகப் பிரிந்துவிடும். நேராக, ஒரே தூரத்தில், அசையாமல் பிடித்திருக்க வேண்டும். கன்சோலைச் சாய்த்து விளையாடும் கேம்களில் அது நடக்கிற காரியமா?

இந்த அதிசயத்தை டிவி விளம்பரத்தில் காட்ட முடியாது, பத்திரிகையில் அச்சடிக்க முடியாது, வாயால் சொல்லிப் புரியவைக்கவும் முடியாது. கையில் கொடுத்தால்தான் உண்டு. அப்போது நிண்டெண்டோவின் தலைவராக இருந்த சடோரு இவாடாவே பின்னால் முதலீட்டாளர்களிடம் இந்தச் சிக்கலை ஒப்புக்கொண்டார். போதாததற்கு, ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் முப்பரிமாணத்தில் பார்க்க வேண்டாம் என்று எச்சரிக்கை வேறு. நிண்டெண்டோ யாரை நம்பிப் பிழைக்கிறதோ அந்த வீட்டுப் பெற்றோர்களின் காதில்தான் அது முதலில் விழுந்தது. பேட்டரி மூன்று முதல் ஐந்து மணி நேரம். இணையக் கடை வெளியீட்டு நாளில் இல்லவே இல்லை, ஜூனில்தான் திறந்தார்கள். எல்லாவற்றுக்கும் மேல், விளையாடுவதற்குச் சரக்கு இல்லை. நாய்க்குட்டி வளர்க்கலாம், விமானம் ஓட்டலாம், நீர்மூழ்கி ஓட்டலாம், மற்ற கம்பெனிகள் கொண்டுவந்த சண்டை கேம் ஆடலாம். மரியோ எங்கே என்று கேட்டால் பதில் இல்லை. நிண்டெண்டோ கன்சோலில் மரியோ இல்லாதது கல்யாண வீட்டில் மாப்பிள்ளை இல்லாத மாதிரி.

இந்த நிலைமையில்தான் ஜூன் மாதம் லாஸ் ஏஞ்சலஸில் இ3 என்ற கேம் துறைக் கண்காட்சி. சோனி தன் அடுத்த கையடக்கக் கன்சோலுக்கு வீட்டா என்று பெயர் சொன்னது. ஐந்து அங்குல ஓஎல்ஈடி திரை, இரண்டு அனலாக் குச்சிகள், பின்பக்கமும் தொடுபலகை. பிளேஸ்டேஷன் 3 கேம்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற அளவுக்குப் படம். அப்புறம் விலையைச் சொன்னார்கள்: வைஃபை மட்டும் உள்ளது 249 டாலர். 3டிஎஸ்ஸின் விலையும் கிட்டத்தட்ட அதேதான். அரங்கில் எழுந்த ஆரவாரத்தைக் காணொளியில் இன்றைக்கும் கேட்கலாம். ஒரே விலைக்கு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், கண்ணால் பார்த்து வாங்குகிறவர் எதை எடுப்பார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்திருக்காது. எனக்கும் இல்லை. நான் அன்றைக்கு வீட்டா பக்கம்தான் சாய்ந்திருந்தேன்.

இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஜூலை 28 அன்று நிண்டெண்டோ விலையைக் குறைப்பதாக அறிவித்தது. ஜப்பானில் 25,000 யென் 15,000 ஆனது. அமெரிக்காவில் 249.99 டாலர் 169.99 ஆனது. வெளியாகி ஆறு மாதம் முடிவதற்குள் ஜப்பானில் விலையில் ஐந்தில் இரண்டு பங்கு போய்விட்டது. விற்கிற ஒவ்வொரு கன்சோலிலும் நஷ்டம் என்று தெரிந்தேதான் இதைச் செய்தார்கள். அந்த நிதியாண்டை நிண்டெண்டோ நஷ்டத்தில் முடித்தது, 4,300 கோடி யென்னுக்கும் மேல். இவாடா தன் சம்பளத்தில் பாதியை வெட்டிக்கொண்டார். மற்ற இயக்குநர்கள் 20 முதல் 30 சதவீதம் குறைத்துக்கொண்டார்கள். கணக்குப் புத்தகத்தில் அந்தத் தொகை ஒரு பொருட்டே இல்லை என்பது வாஸ்தவம். ஆனாலும் தவறு யாருடையது என்பதைச் சொல்லும் விதம் என்று ஒன்று இருக்கிறது. வேலைக்காரர்களை வீட்டுக்கு அனுப்பித் தவறைச் சொல்கிற நிறுவனங்களை இந்தத் துறையில் நிறையவே பார்த்தாயிற்று.

விலைக்குறைப்பு யாருக்கு? இன்னும் வாங்காதவர்களுக்கு. என்னைப் போன்றவர்களுக்கு. வீட்டாவைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டிருந்தவர்களுக்கு. போட்டி என்றாலே இப்படித்தான், எதிராளியிடம் போய்விடக்கூடியவனைத்தான் விரட்டிப் பிடிப்பார்கள். ஏற்கெனவே வாங்கியவன் எங்கே போய்விடப்போகிறான்? அவனுடைய காசு வந்துவிட்டது. எண்பது டாலர் அதிகம் கொடுத்துவிட்டு, கேமும் இல்லாமல், ஐந்து மாதமாகக் காத்துக்கொண்டிருந்தவன் அவன்தான். ஆனால் அறிவிப்பு வந்தபோது இவாடா அவர்களுக்கென்று தனியாக எழுதினார். ஆரம்பத்திலேயே வாங்கி ஆதரித்தவர்கள் தாங்கள் ஏமாற்றப்பட்டதாக நினைக்கலாம் என்பது எங்களுக்கு நன்றாகத் தெரியும் என்ற பொருளில் எழுதினார். அத்தோடு இருபது கேம்களைக் கொடுத்தார்கள். நிண்டெண்டோவின் பழைய வீட்டுக் கன்சோலான என்இஎஸ் காலத்துக் கேம்கள் பத்து செப்டம்பர் 1 அன்று, பத்து கேம் பாய் அட்வான்ஸ் கேம்கள் டிசம்பரில். அந்த ஆட்களுக்கு அம்பாசடர், அதாவது தூதர், என்று பெயர் வைத்தார்கள்.

பழைய கேம்தானே, நிண்டெண்டோவுக்கு என்ன செலவு என்று அப்போது பலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். கொடுக்கிற அன்றைக்குப் பெரிய செலவு இல்லை. அடுத்து என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும். என்இஎஸ் கேம்களை முன்னரே சொல்லியிருந்தபடி பிறகு எல்லோருக்கும் விற்றார்கள். கேம் பாய் அட்வான்ஸ் பத்தையும் மற்றவர்களுக்குக் கொடுக்கும் திட்டம் இல்லை என்று சொல்லியிருந்தார்கள். வரவும் இல்லை. 3டிஎஸ் ஏழரைக் கோடிக்கும் மேல் விற்றது, அத்தனை பேரும் வாங்கக்கூடிய கேம்கள் அவை. மெட்ராய்டு ஃப்யூஷனை விற்பனைக்கு வைத்திருந்தால் நானே முதல் நாள் வாங்கியிருப்பேன். தங்களுடைய வீட்டுக் கன்சோலான வீ யூவில் 2014 முதல் கேம் பாய் அட்வான்ஸ் கேம்களை விற்றார்கள், ஆக விற்கத் தெரியாமல் இல்லை. 3டிஎஸ்ஸின் இணையக் கடை 2023 மார்ச்சில் விற்பனையை நிறுத்திய நாள்வரை அந்தப் பத்தும் தூதர்களிடம் மட்டுமே இருந்தன. பதினொரு வருடத்துக்கும் மேல் வரக்கூடிய வருமானத்தை விட்டுக்கொடுத்து ஒரு வார்த்தையைக் காப்பாற்றினார்கள். எனக்குக் கிடைக்கவில்லை என்பதை மனப்பூர்வமாகச் சந்தோஷத்தோடுதான் சொல்கிறேன். எனக்கும் கிடைத்திருந்தால் நண்பனிடம் இருப்பதற்கு அர்த்தமே இல்லை.

இதை மற்ற கதைகளோடு வைத்துப் பார்த்தால்தான் எவ்வளவு அபூர்வம் என்று தெரியும்.

1995 மே 11, முதலாவது இ3 கண்காட்சி. சேகா என்ற ஜப்பானிய நிறுவனத்தின் சாட்டர்ன் கன்சோல் செப்டம்பரில்தான் அமெரிக்காவுக்கு வருவதாக இருந்தது. சோனியின் பிளேஸ்டேஷனை முந்திவிட வேண்டும் என்ற அவசரத்தில், 399 டாலருக்கு இன்றைக்கே கடைகளில் கிடைக்கிறது என்று மேடையில் அறிவித்தார்கள். எல்லாக் கடைகளிலும் இல்லை, நான்கு கடைத்தொடர்களில் மட்டும். அன்றே சோனி தரப்பில் ஸ்டீவ் ரேஸ் மேடையேறி "299" என்று ஒரே ஒரு எண்ணைச் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். சோனியின் இந்த ஒற்றை எண்ணை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால் சாட்டர்னுக்கு அடி விழுந்தது வேறு பக்கத்தில். ஒதுக்கப்பட்ட கடைக்காரர்கள் கொதித்துப்போனார்கள். கேபி டாய்ஸ் என்ற பெரிய பொம்மைக் கடைத்தொடர் சேகா பொருள்களையே விற்க மாட்டேன் என்று எடுத்துவிட்டது. செப்டம்பருக்குக் குறிவைத்துக் கேம் செய்துகொண்டிருந்த ஸ்டுடியோக்கள் வெளியீட்டு நாளில் கையில் ஒன்றும் இல்லாமல் நின்றன. சேகாவை முதலில் நம்பியவர்கள் இவர்கள்தான், ஒரு நாள் பரபரப்புக்காக இவர்களையே கைவிட்டார்கள். ஜப்பானில் நன்றாகவே ஓடிய சாட்டர்ன் உலகளவில் ஒரு கோடியைக்கூடத் தொடவில்லை. பிளேஸ்டேஷன் பத்துக் கோடியைத் தாண்டியது. சேகாவின் அடுத்த கன்சோலான ட்ரீம்காஸ்ட் அருமையான கருவி. 2001 மார்ச்சில் அதையும் நிறுத்திவிட்டுக் கன்சோல் தொழிலையே விட்டுப் போனார்கள்.

பிளேஸ்டேஷன் 3 கதை வேறு மாதிரி. 2006 நவம்பரில் 499, 599 டாலர் என்று இரண்டு விலையில் வந்தது. ஒரு வருடம் முன்பே வந்துவிட்ட மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் 360 அதைவிட நூறு இருநூறு டாலர் குறைவு. பிளேஸ்டேஷன் 2 கொடுத்த தெம்பு சோனிக்குத் தலைக்கேறியிருந்தது. கூடுதல் நேரம் உழைத்தாவது இதை வாங்க வேண்டும் என்று மக்கள் நினைக்க வேண்டும் என்ற பொருளில் சோனியின் கேம் பிரிவுத் தலைவராக இருந்த கென் குடராகி முன்பே பேசியிருந்தார். செல் என்ற அந்தச் செயலி கணக்குப் போடுவதில் அசுரன்தான், ஆனால் அதற்கேற்ப நிரல் எழுதுவதற்குள் டெவலப்பர்களுக்கு நாக்குத் தள்ளிவிட்டது. சோனி விடவில்லை. 2009 செப்டம்பரில் மெலிந்த வடிவம் 299 டாலருக்கு வந்தது, அன்சார்ட்டட் 2 போன்ற கேம்கள் வந்தன, கடைசியில் எட்டரைக் கோடிக்கும் மேல் விற்று எக்ஸ்பாக்ஸ் 360க்குச் சமமாக வந்து நின்றது. பாராட்ட வேண்டிய மீட்சிதான். ஆனால் 599 கொடுத்த அந்த முதல் ஆட்களை நினைத்துப் பாருங்கள். அவர்கள் வாங்கிய பெட்டிக்குள் பிளேஸ்டேஷன் 2-இன் சிப்பும் இருந்தது, பழைய கேம்களும் ஓடின. லினக்ஸ் போட்டுக் கணினியாகவும் பயன்படுத்தலாம். 2010 ஏப்ரல் 1 அன்று வந்த ஒரு மென்பொருள் புதுப்பிப்பு அந்த லினக்ஸ் வசதியைப் பாதுகாப்புக் காரணம் சொல்லிப் பிடுங்கிக்கொண்டது. புதுப்பிக்காமல் இருக்கலாம், ஆனால் அப்படி இருந்தால் பிளேஸ்டேஷன் நெட்வொர்க் என்ற சோனியின் இணையச் சேவையை மறந்துவிட வேண்டும். அதிக விலை கொடுத்தவனிடமே போய், வாங்கியதில் எதை வைத்துக்கொள்கிறாய், எதைத் திருப்பித் தருகிறாய் என்று கேட்டார்கள். அமெரிக்காவில் அது வழக்காகி, பல வருடம் கழித்து இழப்பீடு பேசித் தீர்த்தார்கள்.

மைக்ரோசாஃப்டின் அடுத்த கன்சோலான எக்ஸ்பாக்ஸ் ஒன் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். 2013இல் 24 மணி நேரத்துக்கு ஒருமுறை இணையத்தோடு பேச வேண்டும், பழைய கேம்களை விற்க வாங்கக் கட்டுப்பாடு என்று அறிவித்து, எதிர்ப்பு வெடித்ததும் ஜூன் 19 அன்று வாபஸ் வாங்கினார்கள். 499 டாலர் விலையில் உடலசைவைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் கினெக்ட் கேமராவும் கட்டாயம், அது இல்லாமல் கன்சோல் இல்லை என்றார்கள். பிளேஸ்டேஷன் 4 அதைவிட நூறு டாலர் குறைவு. 2014 ஜூனில் கினெக்ட் இல்லாத பெட்டி 399 டாலருக்கு வந்தது. 2016இல் வந்த எக்ஸ்பாக்ஸ் ஒன் எஸ்ஸில் கினெக்டைச் சொருகும் துளையே இல்லை. 2017இல் கினெக்ட் தயாரிப்பையே நிறுத்தினார்கள். பழைய எக்ஸ்பாக்ஸ் 360 கேம்களைப் புதிய கன்சோலில் ஓட வைத்ததும், கேம் பாஸ் என்ற சந்தாத் திட்டத்தைக் கொண்டுவந்ததும் எக்ஸ்பாக்ஸ் பிரிவின் தலைவராக இருந்த பில் ஸ்பென்சர் காலத்து நல்ல காரியங்கள், அதில் இரண்டாவது கருத்து இல்லை. அவை எல்லோருக்கும் பொது. அந்தக் கேமராவை நம்பிக் காசு கொடுத்தவனுக்கென்று தனியாக வந்தது, ஒன் எஸ்ஸில் கினெக்டை இணைக்க ஓர் இலவச அடாப்டர் மட்டும்தான், அதுவும் கொஞ்ச காலத்துக்கு.

சரி, 2011-க்கே திரும்புவோம்.

விலையைக் குறைத்தால் மட்டும் கன்சோல் ஓடாது. அந்த நவம்பரில் சூப்பர் மரியோ 3டி லேண்ட் வந்தது, டிசம்பரில் மரியோ கார்ட் 7. இதில் 3டி லேண்ட் பற்றிச் சொல்லியாக வேண்டும். அதில் சில அறைகள் உண்டு. மேலிருந்து பார்க்கும்போது கட்டைகள் எல்லாம் ஒரே மட்டத்தில் இருப்பது போலத் தெரியும். எதன் மேல் குதிப்பது என்று தெரியாமல் மரியோவை விழவிட்டுக்கொண்டே இருப்பீர்கள். பக்கத்து விசையை மேலே தள்ளினால் ஒரு கட்டை அடியாழத்தில், ஒன்று முகத்துக்கு நேராக, ஒன்று நடுவில் என்று பிரிந்து நிற்கும். ஒன்பது மாதமாக இவர்கள் எதை விற்க முயன்றார்கள் என்பது அந்த ஓர் அறையில் எனக்குப் புரிந்தது. வெளியீட்டு நாளில் இருந்திருக்க வேண்டிய கேம் அதுதான்.

இன்னொன்று மான்ஸ்டர் ஹன்டர். ஜப்பானில் வீட்டாவுக்கு முந்தைய சோனியின் கையடக்கக் கன்சோலான பிஎஸ்பியைத் தூக்கி நிறுத்திய கேம் வரிசை அது. 2010 டிசம்பரில் வந்த பாகம் அங்கே மட்டும் 40 லட்சத்துக்கும் மேல் விற்றது. நான்கு பேர் ஒன்றாக உட்கார்ந்து ஆடுகிற கேம், அதனால் ஒருவன் கன்சோல் மாற்றினால் நால்வரும் மாற்ற வேண்டும். அடுத்த பாகம் வீட்டாவுக்குத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு செப்டம்பரில் பேரிடி. மான்ஸ்டர் ஹன்டர் 4 நிண்டெண்டோ 3டிஎஸ்ஸுக்கு வருகிறது என்று அறிவித்தார்கள். அதற்கு முன்னோட்டமாக மான்ஸ்டர் ஹன்டர் 3ஜி டிசம்பர் 10 அன்று கடைக்கு வந்தது. வீட்டா ஜப்பானில் வெளியான நாள் டிசம்பர் 17. ஒரே வாரம்!

வீட்டாவை நான் கடைசிவரை நேசித்தேன். அந்தத் திரையை இன்றைக்குப் பார்த்தாலும் கண்ணுக்குக் குளிர்ச்சி. சோனிக்கென்றே தனியாகச் செய்த மெமரி கார்டு, அதற்கு யானை விலை, கேம் வாங்குகிற காசை அது தின்றது. அப்புறம் பெரிய ஸ்டுடியோக்கள் ஒவ்வொன்றாக விலகின. 2019இல் தயாரிப்பு நின்றது. வீட்டா ஜூனில் அந்த விலையைச் சொல்லியிருக்காவிட்டால் நிண்டெண்டோ ஜூலையில் இவ்வளவு ஆழமாக வெட்டியிருக்குமா? இருக்காது என்றே நினைக்கிறேன். என் கையில் 3டிஎஸ் வந்ததற்கு நான் வீட்டாவுக்கும் கடன்பட்டவன்.

போன மாதம் நண்பன் அந்தக் கறுப்பு 3டிஎஸ்ஸை இரண்டு நாளைக்குத் தந்தான். மினிஷ் கேப்பைத் தொட்டேன். தூதர்களுக்குக் கொடுத்த அந்தப் பத்துக் கேம்களும் திறந்தவுடன் கருவியின் குணமே மாறிவிடும். முப்பரிமாணம் கிடையாது, படம் மேல்திரையின் நடுவில் தட்டையாக நிற்கும். ஆட்டத்தை அப்படியே நிறுத்திவைத்து முகப்புக்குப் போய் வேறு வேலை பார்க்க முடியாது, வெளியே வர வேண்டுமென்றால் கேமை முடித்துக்கொண்டுதான் வர வேண்டும். வழக்கமாக மூடியை மூடினால் 3டிஎஸ் உறங்கிவிடும். இதில் உறங்காது. நான் பழக்கத்தில் மூடிவிட்டு எழுந்தேன். நண்பன் போனில் சிரித்துக்கொண்டே சொன்னான்: "டேய், அது தூங்காதுடா. சேவ் பண்ணிட்டு மூடு."

திரும்பப் போய்த் திறந்து பார்த்தேன். கேமின் நாயகன் லிங்க் நான் விட்ட இடத்திலேயே, கையில் கத்தியோடு நின்றுகொண்டிருந்தான்.